காதுமடலையும் தொட்டுப் பாருங்கள்

"தேமல் இருக்கிறது. தொட்டால் தெரிகிறது என்கிறார். தொழுநோய் இல்லை." புறநோயாளிச் சீட்டில் இப்படி எழுதி, கூடவே ஒரு பூஞ்சைக் களிம்பும் எழுதி அனுப்பிவிடுவது இன்றைக்கும் நடக்கிறது. அதுவும் வேலூர்ப் பக்கத்தில் நடக்கிறது என்றால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், இந்த நோயாளிகளின் விரல் தேய்வதற்குக் காரணம் கிருமி தின்பதல்ல, உணர்ச்சி இல்லாததால் படும் காயமே என்று கண்டுகொண்டது இந்த ஊரில்தான். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய மருத்துவமனை, குடியாத்தம் தாலுக்காவில் ஊர் ஊராகப் போய்த் தோலைப் பார்த்துக் கணக்கெடுத்த இடம். தேசிய அளவில் 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு நோய் போனதோ இல்லையோ, பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

மேலே சொன்ன அந்தச் சீட்டில் என்ன பிழை? உணர்ச்சியில்லாத தேமல் என்பது உடம்பு கிருமியை எதிர்த்து நிற்கும் ஆளிடம் வருவது. எதிர்ப்பு இருப்பதால் கிருமி குறைவு, தேமல் ஒன்றிரண்டு, ஓரம் தெளிவாக இருக்கும், நடுவில் மரத்துப் போயிருக்கும். எதிர்ப்பே இல்லாத ஆளிடம் கதை வேறு. கிருமி உடம்பெல்லாம் பரவியிருக்கும். தோல் மினுமினுப்பாகத் தடித்திருக்கும். தேமல் இருந்தால்கூட ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. தொட்டால் நன்றாகவே தெரியும். மற்றவர்களுக்கு அதிகம் பரப்புகிறவர் இவர்தான். சோதனையைத் தேமலோடு நிறுத்திக்கொண்டால் தப்பித்துப் போகிறவரும் இவர்தான்.

நோயை உறுதி செய்ய மூன்று அடையாளங்கள். வெளிறிய அல்லது சிவந்த தேமலில் திட்டவட்டமான உணர்ச்சிக் குறைவு. புற நரம்பு தடித்து, அந்த நரம்பு போகும் இடத்தில் உணர்ச்சியோ தசை வலுவோ குறைந்திருப்பது. தோலைக் கீறி எடுத்து ஸ்லைடில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில் கிருமி தெரிவது. மூன்றில் ஒன்று இருந்தால் போதும். ஒன்று இல்லை என்றவுடன் மற்ற இரண்டைப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

ஆளை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதில் ஆரம்பிக்கிறது வேலை. டியூப்லைட்டின் கீழே மங்கலான தேமல் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலோரம், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்ப்பது பார்வையே அல்ல. முதுகு, இடுப்பு, தொடை, பிட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குப் பிட்டத்திலும் தொடையிலும் இருக்கும் தேமலைப் பெற்றவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். பெண்களைப் பார்க்கத் திரையும், கூட ஒரு செவிலியரும் வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் "முழுசாப் பாத்தாச்சு" என்று எழுதக் கூடாது.

நம் ஊர் வெயில் ஓர் உதவி. சித்திரை, வைகாசியில் பத்து நிமிஷம் வெளியே நின்றாலே உடம்பெல்லாம் வேர்க்கும். தொழுநோய்த் தேமல் மட்டும் காய்ந்து கிடக்கும். வேர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு இழைகளும் கெட்டுவிடுவதால் அப்படி. சந்தேகமாக இருந்தால் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவி, ஆளை வேர்க்க வைத்துப் பார்க்கலாம். வேர்க்கும் இடம் கருநீலமாகும், தேமல் நிறம் மாறாமல் நிற்கும். "தெரியுதா, தெரியலையா" என்று சரியாகச் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இது நல்ல வழி.

உணர்ச்சிச் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் சோதிக்கிறவரின் அவசரம். பஞ்சைத் திரித்து நுனியால் தொடலாம், பால்பாயின்ட் பேனா நுனியால் தொடலாம், நைலான் இழை இருந்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் முதலில் அவர் கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள். "இப்ப தொட்டேன் பாத்தீங்களாம்மா? எங்க தொட்டேனோ அங்க விரல் வச்சுக் காட்டுங்க." இரண்டு மூன்று தடவை சரியாகக் காட்டிய பிறகு, "இப்ப கண்ண மூடிக்கோங்க" என்று சொல்லி ஆரம்பிக்க வேண்டும். நல்ல தோல், தேமலின் நடு, ஓரம், மறுபடி நல்ல தோல் என்று ஒழுங்கில்லாமல் மாறி மாறித் தொட வேண்டும். தேய்க்கவோ கோடு இழுக்கவோ கூடாது. இழுத்தால் பக்கத்திலிருக்கும் நல்ல தோலும் அசைந்து அவருக்குத் தெரிந்துவிடும். செங்குத்தாக வைத்து, தோல் லேசாகக் குழியும் வரை அழுத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொடுகைக்கும் "தெரியுதா?" என்று கேட்டால் அது சோதனை இல்லை. கேள்வி வந்தாலே தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மரியாதைக்காகவே "தெரியுதுங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று: தொட்டால் தெரிகிறது, ஆனால் சூடு தெரியவில்லை என்ற நிலை வரும். பல தேமல்களில் சூடு குளிர்ச்சி உணர்வுதான் முதலில் போகும். இரண்டு டெஸ்ட் டியூப் எடுங்கள். ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் 45 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு வெதுவெதுப்பான தண்ணீர். அதற்கு மேல் சூடு போனால் சூட்டுக்குப் பதில் வலியைச் சோதிக்கிறோம் என்றாகிவிடும். "அடுப்பு சூடே தெரிய மாட்டங்கீது சார், கொப்புளம் வந்தப்பறந்தான் பாக்கறேன்" என்று ஒரு அம்மா சொன்னால், பஞ்சுச் சோதனையில் எல்லாம் சரியாகக் காட்டினாலும் சீட்டை மூடிவிடாதீர்கள்.

முகத்துத் தேமல் தனி ரகம். முகத்தில் நரம்பு இழைகள் நெருக்கமாக இருப்பதால், தொழுநோயாகவே இருந்தாலும் உணர்ச்சி போயிருப்பது எளிதில் பிடிபடாது. அங்கே "உணர்ச்சி இருக்கிறது" என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. உள்ளங்காலில் நேர்மாறான சிக்கல். வெறுங்காலோடு ஏர் ஓட்டியவர், தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தில் நின்று வேலை செய்தவர், இவர்களின் பாதத்தோல் தடித்துப் போய் மெல்லிய இழை நோயில்லாவிட்டாலும் தெரியாது. அதனால்தான் கைக்கும் காலுக்கும் வெவ்வேறு இழை: பாதுகாப்பு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கைக்கு 2 கிராம், உள்ளங்காலுக்கு 10 கிராம் (இழை வளையும்போது தரும் அழுத்தம் இது). காலில் காய்ப்பு உள்ள இடத்தை விட்டு, பக்கத்தில் வைக்க வேண்டும்.

தேமல் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொழுநோய் இருக்காது. இதையும் சொல்லியாக வேண்டும். மார்பிலும் முதுகிலும் செதிலாக உதிரும் வேர்வைத் தேமல் பூஞ்சை. நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும், அரிக்கவும் செய்யும். படர்தாமரை நன்றாக அரிக்கும், ஓரம் சிவந்து உயர்ந்திருக்கும். சுரண்டிய செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும். தொழுநோய்த் தேமல் ஒருநாளும் முழு வெள்ளையாகாது, மங்கும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்தே இருப்பது மச்சம். பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் தோல் வறட்சி. இதில் எல்லாவற்றையும் குழப்புவது மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கித் தடவும் கலவை க்ரீம்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் சிவப்பை அடக்கும், ஓரத்தை மறைக்கும், தானே தோலை வெளிறவும் வைக்கும். "என்ன தடவுறீங்க?" என்று கேட்டால் பெயர் தெரியாது, டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதே நல்லது.

இனி நரம்பு. இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் வேண்டும். 27 முதல் 33 டிகிரிதான் அதற்குப் பிடித்த வெப்பம். அதனால் அக்குள், கவட்டை போன்ற சூடான மடிப்புகளை விட்டுவிட்டுக் காதுமடல், மூக்கு, தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்புகள் இவற்றில் குடியேறும். தொட வேண்டிய நரம்புகளும் அந்த மேலோட்டமானவைதான்: கழுத்தில் காதுக்குக் கீழே ஏறும் நரம்பு, முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் அல்நார் நரம்பு, மணிக்கட்டில் ரேடியல் தோல் நரம்பும் மீடியன் நரம்பும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றும் நரம்பு, உள் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் டிபியல் நரம்பு.

அல்நார் நரம்பைப் பார்ப்பது எப்படி என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவையும் இதே முறைதான். எதிரெதிரே உட்காருங்கள். அவர் முழங்கை சுமார் 90 டிகிரி மடங்கி, தளர்வாக உங்கள் கையில் கிடக்க வேண்டும். அவர் தூக்கிப் பிடித்தால் தசை இறுகி நரம்பு மறைந்துவிடும். உள்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் இரண்டு மூன்று விரல்களின் சதைப்பகுதியை வைத்து, நரம்பைக் குறுக்காக லேசாக உருட்டுங்கள். விரல் நுனி நகத்தால் நெருடினால் யாருக்கும் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். அதை வைத்து நோய் என்று சொல்லக் கூடாது. பள்ளத்திலிருந்து மேலே, மேல்கைப் பக்கம் நான்கு விரல் தூரம் வரை தொடர்ந்து போங்கள். இந்த நோயில் பள்ளத்துக்குச் சற்று மேலேதான் தடிப்பு அதிகம். பள்ளத்தில் மட்டும் தொட்டு விட்டவர்களுக்கு அது கிடைக்காது. தடித்தது சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி விரலுக்கடியில் உருளும். உடனே மறு கையைப் பாருங்கள். ஒல்லியானவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நரம்பு சாதாரணமாகவே கைக்குத் தட்டுப்படும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வலியில்லாமல் இருக்கும். தொடும்போது உங்கள் கண் உங்கள் விரலில் இருக்கக் கூடாது, அவர் முகத்தில் இருக்க வேண்டும். வலியை வாய் சொல்வதற்கு முன் முகம் சொல்லிவிடும்.

தடித்த நரம்பு மட்டும் இருந்தால் போதாது, அது செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். சுண்டு விரலை வெளியே விரிக்கச் சொல்லி அடிப்பகுதியில் உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள், அது அல்நார். கட்டை விரலை உள்ளங்கைக்கு மேல் நேராக நிறுத்தச் சொல்லித் தள்ளினால் மீடியன். மணிக்கட்டை மேலே தூக்குவது ரேடியல். பாதத்தை மேலே மடக்குவது முழங்கால் பக்கத்து நரம்பு. கண்ணை மெதுவாக மூடச் சொல்லி இடைவெளி இருந்தால் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பலம், பலவீனம், செயலிழப்பு என்று மூன்றே தரம் போதும். பீடி சுற்றும் பெண்கள் "இலை நழுவுது, நூல் பிடிக்க முடியல" என்று சொன்னால், அவருக்குத் தேமலே இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். தேமல் இல்லாமல் நரம்பில் மட்டும் வரும் தொழுநோய் இந்தியாவில் அபூர்வமல்ல. அங்கே தோல் ஸ்மியர் பெரும்பாலும் எதையும் காட்டாது. அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் மணிக்கட்டிலோ காலிலோ ஒரு தோல் நரம்பிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும்தான் வழி.

சர்க்கரை வியாதியோடு குழம்புவது இப்போது அதிகம். சர்க்கரையால் வரும் மதமதப்பு இரண்டு கால் விரல்களிலும் ஒன்றாக ஆரம்பித்து மேலே ஏறும், நரம்பு தடிக்காது, கணுக்காலில் சுத்தியல் தட்டினால் வர வேண்டிய துடிப்பு சீக்கிரமே போய்விடும். தொழுநோயில் அந்தத் துடிப்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். மதமதப்பு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று இருக்கும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். காலில் புண் என்று வந்த சர்க்கரை நோயாளியின் காதுமடலையும் முழங்கையையும் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

காதுமடல் என்றேனே, அதில் பார்க்க வேண்டியது தடிப்பு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டினால் மெத்தென்று இருக்க வேண்டியது கெட்டியாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்திருக்கிறதா, மூக்கடைப்பும் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த சளியும் உண்டா, சாயங்காலமானால் கால் வீங்குகிறதா என்று கேளுங்கள். இவை எதுவும் தனியாகத் தொழுநோய் என்று சொல்லாது. சேர்ந்து வந்தால் அன்றே ஸ்மியர் எடுக்க வேண்டும்.

ஸ்மியர் சின்ன வேலை, ஆனால் கெட்டுப்போக நூறு வழி. இரண்டு காதுமடல், கூடவே நோய் முனைப்பாக உள்ள தேமலின் ஓரம். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, தோலை இரு விரலால் வெளுக்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் விலகத்தான் இந்தப் பிடி, கடைசிவரை விடக் கூடாது. 15-ம் எண் பிளேடால் 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழம். பிளேடைக் கீறலிலேயே 90 டிகிரி திருப்பி, ஒரே திசையில் இரண்டு மூன்று முறை பக்கச் சுவரை வழிக்க வேண்டும். பிளேடில் சேர்வது சதைநீராக இருக்க வேண்டும். ரத்தமாக இருந்தால் துடைத்துவிட்டு, பிடியை இறுக்கி மறுபடி. அதை ஸ்லைடில் 5 முதல் 7 மில்லிமீட்டர் வட்டமாகத் தடவி, நிழலில் காயவிட்டு, சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டிப் பதிய வைக்க வேண்டும். ஸ்லைடு புதியதாகவே இருக்கட்டும். கழுவிய பழைய ஸ்லைடில் முன்னவரின் கிருமியோ கீறலில் தங்கிய சாயமோ இவர் கணக்கில் ஏறும்.

சாயம் ஏற்றுவதில்தான் காசநோய் லேபின் பழக்கம் குழி பறிக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமி, இரண்டுக்கும் கார்பால் ஃபுக்சின்தான். ஆவி வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் 5 நிமிஷம். ஆனால் தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமியைவிட எளிதில் சாயத்தை விட்டுவிடும். சளிக்கு ஊற்றும் 25 சதவீதக் கந்தக அமிலத்தை இதற்கும் ஊற்றினால் இருந்த கிருமியும் நிறமிழந்து, "நெகட்டிவ்" என்று ரிப்போர்ட் வரும். 1 சதவீத ஆசிட் ஆல்கஹால் 10 வினாடி, அல்லது 5 சதவீதக் கந்தக அமிலம் 10 நிமிஷம், பிறகு 0.2 சதவீத மெத்திலீன் புளூ 1 நிமிஷம். ஒரு லேபில் தொடர்ந்து நெகட்டிவாகவே வருகிறது என்றால், முதலில் அமிலப் பாட்டிலின் லேபிளைப் பார்ப்பேன். பயாப்சிக்கும் இதே காரணத்துக்காகத்தான் ஃபைட் ஃபராகோ என்ற மென்மையான சாயமுறை. சாதாரண முறை என்று எழுதி அனுப்பினால் கிருமி காணாமல் போகும்.

ஸ்மியரில் கிருமியை எண்ணுவது ரிட்லி அளவுகோலில். மைக்ரோஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸில் 100 புலங்கள் (ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்க்க வேண்டும். 100 புலத்திலும் சேர்த்து 1 முதல் 10 கிருமி என்றால் 1+. 10 புலத்துக்கு 1 முதல் 10 என்றால் 2+. ஒவ்வொரு புலத்திலும் சராசரி 1 முதல் 10 என்றால் 3+. 10 முதல் 100 என்றால் 4+. 100 முதல் 1,000 என்றால் 5+. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக இருந்தால் 6+. பத்து புலம் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்பவர் 1+ ஆளைத் தவறவிடுவார். சிகிச்சை முடித்தவருக்கு ஸ்மியர் பாசிட்டிவாக வந்தாலும் பதற வேண்டாம். செத்த கிருமியை உடம்பு மெதுவாகத்தான் அகற்றும். அளவு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு பிளஸ்தான் இறங்கும். முழுதாக, அடர்த்தியாகச் சாயமேறிய கிருமிகள் மறுபடி தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கல்ச்சர், அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு. 1873-ல் ஹான்சன் கண்ட இந்தக் கிருமியை இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர்த்தது கிடையாது. ஒரு கிருமி இரண்டாகப் பெருக 12 முதல் 14 நாள் ஆகும். ரத்தப் பரிசோதனையும் கிருமி குறைவாக உள்ளவரிடம் கைகொடுக்காது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். உதவும்; மருந்துக்குக் கட்டுப்படாத நோய் என்ற சந்தேகம் வந்தால் அதைத்தான் நாட வேண்டும். செத்த தொழுநோய்க் கிருமியைத் தோலில் ஏற்றிப் பார்க்கும் லெப்ரோமின் ஊசியை நோயறியும் சோதனையாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது எதிர்ப்புத் திறனை மட்டும் சொல்லும், நோயில்லாதவருக்கும் பாசிட்டிவாக வரும்.

சிலர் தேமலோடு வராமல், திடீரென்று காய்ச்சல், மூட்டு வலி, தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் என்று வருவார்கள். இருந்த தேமல் ஒரே வாரத்தில் வீங்கிச் சிவந்து, கை விழுந்துபோய் வருகிறவரும் உண்டு. இவை கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. வாதக் காய்ச்சல், மருந்து ஒவ்வாமை, வாதம் என்று வேறு பக்கம் போய்விடுவது இங்கேதான். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் என்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் அறுவை சிகிச்சைதான். ஆகவே "எப்ப இருந்து?" என்ற கேள்விக்கு மாதக் கணக்கில் பதில் வாங்கிச் சீட்டில் எழுத வேண்டும். பொங்கலுக்கு முன்பா, ஆடிக்குப் பிறகா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

உறுதியானபின் பிரிப்பது எளிது. ஐந்து தேமல் வரை, நரம்பு அதிகபட்சம் ஒன்று, ஸ்மியர் நெகட்டிவ்: பி.பி. (கிருமி குறைந்த வகை), ஆறு மாதம் மருந்து. இதில் எது மீறினாலும் எம்.பி. (கிருமி மிகுந்த வகை), பன்னிரண்டு மாதம். ஸ்மியர் எடுக்காமல் தேமலை மட்டும் எண்ணிப் பிரித்தால், மங்கலான தேமல்கள் விட்டுப்போய் எம்.பி. ஆளுக்கு ஆறு மாதத்தோடு மருந்தை நிறுத்திவிடும் அபாயம் உண்டு. மாத்திரை அட்டை 28 நாளுக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதில் டாப்சோன் என்ற மருந்தும் இருப்பதால் முதலில் ரத்தச் சோகை இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் நிச்சயமில்லை என்றால், "இருக்கட்டும்" என்று மருந்தை ஆரம்பிக்க வேண்டாம். தேமலின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, போட்டோ எடுத்து, அளவை எழுதி, மூன்று மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்துக் கூப்பிடுங்கள். ஓரத்திலிருந்து 4 முதல் 6 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்சி, கொழுப்புப் படலம் வரை ஆழமாக எடுப்பது அடுத்த வழி. மேலோட்டமாக எடுத்தால் நரம்பே வராது, ரிப்போர்ட்டும் பயனில்லை.

நோய் உறுதியான வீட்டில் மற்ற எல்லோரையும், கைக்குழந்தையிலிருந்து பாட்டி வரை, இதே மாதிரி ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். நோயில்லாதவர்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை, பெரியவர்களுக்கு 600 மில்லிகிராம், தடுப்பாகத் தருகிறார்கள். தருவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று கேட்டுவிடுங்கள். காசநோய் உள்ளவருக்கு ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போக வழி செய்துவிடும்.